அம்பாசிடரா, பியட்டா: செங்கல்பட்டில் ஒரு வாரம்

கார் வாங்க யோசனை கேட்டுக் கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஆளை வரவழைத்தவன் எங்கள் குடும்பத்தில் தணிகாசலம் ஒருவன்தான். அந்த ஆள் நான். ஈப்போவில் என் கணவரும் நானும் ஒரு மாரிஸ் மைனரை வைத்துக்கொண்டு கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்து வந்தோம். ஆண்களுக்கு அவர் வாத்தியார், பெண்களுக்கு நான். பயந்தாங்கொள்ளி ஆண்களையும் அவர் என் பக்கமே தள்ளிவிடுவார். தணிகா என் சித்தப்பா மகன். செங்கல்பட்டில் பல வருஷமாக மற்றவர்களின் காரைக் கூலிக்கு ஓட்டியவன். இப்போது அவன் பேருக்கே டாக்சி பர்மிட் கிடைத்திருந்தது. நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? கப்பலேறிவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெட்ரோல் விலை எகிறி, எங்கள் ஊரிலும் இங்கேயும் ஒரே புலம்பல். மெட்ராசிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் வரிசையாக அம்பாசிடர்கள் நின்றன. எல்லாவற்றுக்கும் கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. வேறு சாதி வண்டி ஒன்றுகூட இல்லை. எங்கள் ஈப்போ டாக்சி நிறுத்தத்தில் நாலு நாட்டுக் கார் நிற்கும்.

தணிகா ஓடிவந்து என் பெட்டியை வலது கையால் வாங்கிக்கொண்டான். கார் ஓட்டுகிறவன் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனது குதிரை வண்டியில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதலாளி வண்டிய வுட்டு ஒரு மாசமாச்சிக்கா. இனிமே ஓட்டுனா நம்ம வண்டிதான்," என்றான்.

டாக்சி வரிசையில் சாய்ந்து நின்ற கோதண்டம் என்ற டிரைவர் விடவில்லை. "அக்கா, பியட்டு கியட்டு வாங்கச் சொல்லிடாதீங்க. அது டாக்டரு வூட்டு வண்டி. இந்த ஸ்டாண்டுல அத்த நிறுத்துனா எருமைங்களுக்கு நடுவுல முயல கட்டி வச்ச மாதிரி இருக்கும்."

வீட்டில் தணிகாவின் மனைவி வசந்தா இட்லியும் வடகறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வடகறியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டு இவ்வளவு ருசி வரும் என்றால், ஈப்போவில் மீந்துபோகும் வடைகளை நினைத்து வருத்தமாக இருந்தது. மூன்றாவது தடவை கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன்.

விஷயம் இதுதான். கேளம்பாக்கத்துப் பக்கம் படூரில் வசந்தாவின் பங்குக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் வந்திருந்தது. யாரும் சீந்தாத அந்த நிலத்தை விற்றுத்தான் இந்தக் கார். பழைய கார் இரண்டு விலைக்கு வந்திருந்தன. ஒன்று ரைஸ்மில் முதலாளியின் அம்பாசிடர். இன்னொன்று கல்பாக்கத்திலிருந்து மாற்றலாகிப் போகும் ஓர் இன்ஜினியரின் பியட். இரண்டு பேரும் வியாழனுக்குள் பதில் கேட்டார்கள். மகாபலிபுரம் கடற்கரையில் புதிதாக எழும்பியிருந்த ஓட்டலின் மானேஜர், வெள்ளிக்கிழமை தானே காரில் ஏறிப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் விருந்தாளிகளை அழைத்துவரும் சவாரி முழுவதையும் தணிகாவுக்கே தருவதாகவும் சொல்லியிருந்தார்.

"தப்பான வண்டிய வாங்கிட்டா அவ்ளோதான் அண்ணி. நெலமும் போச்சி, இவரு மறுபடியும் கூலிக்குத்தான் போவணும்," என்றாள் வசந்தா. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நாலாவது இட்லி தொண்டையில் நின்றது.

மறுநாள் மெக்கானிக் பாஷா பாயின் பட்டறைக்குப் போனோம். வேப்பமரத்தடியில் நாலு கம்பம், மேலே ஓலை, அதுதான் பட்டறை. அம்பாசிடர் அங்கே தயாராக நின்றது. மோர் நிறம், தொப்பை விழுந்த மனுஷன் மாதிரி முகம். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் தீர்ப்பைச் சொன்னார்.

"அம்பாசிடரு மாமியாரு மாதிரிமா. எந்நேரமும் தீனி கேக்கும். ஆனா எங்கனா நின்னுச்சின்னா சுத்தியால ஒரு தட்டு தட்டுனா போதும், எந்த ஊருலயும் சாமான் கெடைக்கும். பியட்டு புது மருமவ. கொஞ்சமா துன்னும், ஷோக்கா ஓடும். ஒரு சாமான் போச்சின்னா மட்டும் மெட்ராசுக்கு ஓடணும்."

"நான் மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. நாத்தனார்," என்றேன்.

"அப்ப ரெண்டு வண்டிக்கும் பேஜாருதான்," என்றார் பாய்.

பெட்ரோல் குடிப்பதை அளக்க பாய் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரின் டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சரியாக ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிய தகர டப்பாவை பானெட்டுக்கு உள்ளே கட்டி, அதிலிருந்து இன்ஜினுக்கு ரப்பர் குழாய் கொடுத்துவிடுவார். பிறகு ஓட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். எங்கே நிற்கிறதோ அதுதான் ஒரு லிட்டர். எங்கள் ஊரில் கேலன் கணக்கு, மைல் கணக்கு, வகுத்தல் பெருக்கல் என்று மண்டை காயும். இங்கே ரோடே கணக்குச் சொல்லிவிடுகிறது.

கிளம்பும்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் தணிகா எனக்குத் திறந்துவிட்டான். "நீ ஓட்டுக்கா. நான் சத்தத்த கவனிக்கறேன்." வாத்தியாருக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். எனக்கு அடுத்து வசந்தா, கதவோரம் தணிகா, பின்னால் பாயும் அரைமூட்டை மணலும். இரண்டு காருக்கும் ஒரே பாரம், ஒரே ரோடு என்பது என் கட்டளை.

திருக்கழுக்குன்றம் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம். அம்பாசிடரின் ஸ்டியரிங்கைத் திருப்ப உரலில் மாவாட்டுகிற பலம் வேண்டியிருந்தது. ஆனால் இன்ஜின் பொறுமைசாலி. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் கியரை மாற்றச் சொல்லி அடம் பிடிக்கவில்லை, முனகிக்கொண்டே இழுத்தது. பள்ளத்தில் விழுந்தால் சோபாவில் உட்கார்ந்தமாதிரி ஒரு அமுக்கு, அவ்வளவுதான்.

மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது இரண்டு இருமல் இருமிவிட்டு கார் நின்றது. லிட்டர் தீர்ந்தது. பாய் இறங்கி மைல்கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாரத்தோடு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம்.

பாய் குழாயை டாங்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, வயல் வரப்பிலிருந்து ஐந்து பெண்கள் தலையில் பாத்திரங்களோடு ஏறிவந்தார்கள். மகளுக்கு ஏழாம் மாதச் சீமந்தமாம், பஸ் வரவில்லையாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்தார்கள். "வண்டி பெருசாத்தான கீது, தள்ளி ஒக்காருங்க பாய்," என்று ஒரு பெரியம்மாள் சொல்ல, பாய் மணல்மூட்டையோடு மூலைக்குப் போனார். ஐந்து பெண்கள், ஏழு வகைச் சாதம், ஒரு தட்டு வளையல் எல்லாம் பின்சீட்டில் அடங்கின.

மீதி தூரத்துக்கும் பெட்ரோல் அளக்கலாம் என்று நினைத்திருந்தேன். பரிசோதனை கெட்டுப்போன கோபத்தில் நான் பேசவேயில்லை. பத்து நிமிஷத்தில் புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் வாழையிலைத் துண்டில் முன்சீட்டுக்கு வந்தன. ஒரு வாய் போட்டதும் கோபத்தைத் தொடர முடியவில்லை. இறங்கும்போது அந்தப் பெரியம்மாள் ஒரு ரூபாயை வசந்தாவின் கையில் திணித்து, "வேற வண்டின்னா கையே காட்டியிருக்க மாட்டோம். இத பாத்தாலே நம்ம ஜனம் ஏறலாம்னு தோணுது," என்றார்.

அடுத்த நாள் பியட். கரும்பச்சை நிறம், இன்ஜினியர் வீட்டுப் பிள்ளை மாதிரி சுத்தம். அதே பாய், அதே மணல், அதே டப்பா. கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற சத்தம். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பலாம். கியரும் விரலால் தள்ளினால் போகிறது. ஆனால் அடிக்கடி தள்ளவேண்டும். மாட்டு வண்டி வந்தால் ஒன்று, ஏற்றம் வந்தால் ஒன்று. எனக்கு அது சங்கடமாகவே தோன்றவில்லை. கியர் மாற்றுவது எனக்குத் தாளம் போடுவது மாதிரி. ரோடு காலியாக இருந்த இடத்தில் கொஞ்சம் மிதித்துப் பார்த்தேன். வசந்தா தணிகாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அம்பாசிடர் மூச்சு வாங்கிக்கொண்டே எட்டிய வேகத்தை இது சிரித்துக்கொண்டே தாண்டியது.

அம்பாசிடர் நின்ற இடத்தைக் கடந்தோம். நான் கை தட்டாத குறை. திருக்கழுக்குன்றம் ஊருக்குள்ளே நுழைந்து கடைத்தெருவையும் பார்த்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் லிட்டர் தீர்ந்தது. கிட்டத்தட்ட பதினான்கு.

மீன் விற்றுமுடித்த கடற்கரைப் பெண்கள் சிலர் காலிக்கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். முன்னால் நாங்கள் மூன்று பேர் நெருக்கியடித்திருந்தோம், பின்னால் பாயும் மணல்மூட்டையும்.

"இதுல நம்ம கூடைய எங்க வெக்கறது? மடியிலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. உச்சி வேளையில் கழுகு வந்து பிரசாதம் தின்பதைப் பார்க்க மலையேறிய கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தபோது, நான் முடிவே செய்துவிட்டேன். உளிச்சத்தம் கேட்கும் தெருவில் ஒரு கீற்றுக் கொட்டகையில் வஞ்சிரம் வறுவலும் நெத்திலிக் குழம்பும். எங்கள் ஊர் மீன் சுவைதான், ஆனால் இப்படி மிளகாயை அரைத்துப் பூச அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. கண்ணீர் வழியச் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னேன்.

"பியட்தான். பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். விலையும் குறைச்சல். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேராகத்தான் வருவார்கள், அவர்களுக்கு அண்டாவும் கூடையும் கிடையாது."

தணிகா மீனின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்பாசிடருதான் எனக்கு ஒத்து வரும்கா."

"ஏன்? கோதண்டம் முயல் என்பான் என்று வெட்கமா?"

"அதெல்லாம் இல்ல."

"பிறகு?"

"ஒத்து வரும்னா ஒத்து வரும். அவ்ளோதான்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு தூரம் என்னை வரவழைத்து, டப்பா கட்டி அளந்து, கடைசியில் காரணமே சொல்லாமல் ஒரு முரண்டு. பாய் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். காரின் சாவியைத் தணிகாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"திரும்பும்போது நீ ஓட்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு இதில் என்ன குறை என்று சொல்."

"நீயே ஓட்டுக்கா. உனுக்குத்தான் நல்லா வருது."

"டாக்சி வாங்கப்போவது நீயா, நானா?"

அவன் வசந்தாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து போய் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தான். நடுவில் வசந்தா, கதவோரம் நான், பின்னால் பாய்.

நின்ற இடத்தில் முதல் கியரைப் போட அவன் குனிந்து வண்டியின் தரையில் எதையோ தேடுவதுபோல் செய்தான். நிமிர்ந்தபோது கியர் விழுந்திருந்தது. கார் நகர்ந்தது. சவுக்குத்தோப்பு வந்தது, அதற்குப் பிறகு கால்வாய்ப் பாலத்து ஏற்றம். எதிரே கருங்கல் ஏற்றிய கட்டைவண்டி. இன்ஜின் கியர் கேட்டுத் திணறியது. அப்போது பார்த்தேன். கியர் கம்பி ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம். தணிகாவின் இடது கை மடியிலேயே கிடந்தது. அவன் வலது கையை ஸ்டியரிங்கின் ஆரங்களுக்கு நடுவே நுழைத்து, அந்தப்பக்கத்துக் கியரைத் தள்ளினான். அந்தக் கணம் ஸ்டியரிங்கை யாருமே பிடித்திருக்கவில்லை.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். என் சீடர்களிடம்கூட அப்படிக் கத்தியதில்லை. பாலத்துக்கு இந்தப்பக்கம் ஓரம்கட்டி நிறுத்தினான். கட்டைவண்டிக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

கால்வாயில் உப்பு ஏற்றிய படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"சொல்லிடுய்யா. இன்னும் எத்தினி நாளு மறைப்ப?" என்றாள் வசந்தா. பிறகு அவளே சொன்னாள். "எடது தோளு பூட்டிக்கிச்சி அண்ணி. ஒருநா காலைல எழுந்தா கைய தூக்க முடில. மூணு மாசமாச்சி. பெரியாஸ்பத்திரி டாக்டரு, எண்ண போட்டு கைய ஆட்டிகினு இரு, ஒரு வருசத்துல தன்னால அவுந்துடும்னாரு. முதலாளி பாத்துட்டாரு. அதான் வண்டிய வுட்டு நிறுத்திட்டாரு."

"கை வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டியதுதானே?"

"வண்டிக்காரங்க காத்திருப்பாங்களா? ஓட்டல்காரு காத்திருப்பாரா?" என்றான் தணிகா. "அம்பாசிடருன்னா கியரு அவ்ளோவா மாத்த வேணாம்கா. போட்டா போட்டபடி இழுத்துகினு போவும். ஸ்டியரிங்கு வெயிட்டுதான். வலது கை ஒண்ணே எனுக்குப் போதும். பியட்டுன்னா நிமிசத்துக்கு ஒருவாட்டி கியரு."

தாளம் போடுவது மாதிரி என்று நான் ரசித்தது அவனுக்கு ஆணி அடிப்பது மாதிரி இருந்திருக்கிறது. அவன் முரண்டு பிடித்தானென்று நான் கோபப்பட்டதை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் பிறர் பார்க்கக்கூடாது.

"சரி, நான் ஓட்டுகிறேன், இடம் மாறு," என்றேன்.

"பாலத்த தாண்டிட்டு மாறிக்கலாம் அண்ணி, பின்னால பஸ்ஸு வருது," என்றாள் வசந்தா. உண்மையிலேயே பின்னால் பஸ் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. தணிகா கிளட்சை மிதித்தான். இடது கை எழும்பப் பார்த்துப் பாதியில் நின்றது. அப்போது வசந்தா தன் வலது கையை நீட்டி, கியரைப் பிடித்து, மேலே தள்ளினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு நாளாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தே வந்திருக்கிறாள். கார் துள்ளாமல் நகர்ந்தது. பாலத்தின் உச்சியில் அவன் "ம்" என்றான். அவள் இரண்டாவதைப் போட்டாள். இறக்கத்தில் மறுபடி "ம்". மூன்றாவது.

பாலத்தைத் தாண்டினோம். இடம் மாறவில்லை. பின்சீட்டில் பாய் "யா அல்லா" என்று ஒருமுறை சொன்னார், பிறகு திருக்கழுக்குன்றம் வரை மூச்சுவிடவில்லை. பியட்டின் முன்சீட்டு குறுகல். ஒவ்வொரு கியருக்கும் அவள் முழங்கை அவன் விலாவில் இடித்தது, என் தோள் கதவில் இடித்தது. இரண்டு தடவை அவள் கை எட்டாமல் பல்சக்கரம் நறநறவென்று கத்தியது.

என்னிடம் பயிலும் யாராவது இப்படி ஓட்டியிருந்தால் நடுரோட்டிலேயே இறக்கி விட்டிருப்பேன். ஆனால் என் அனுபவத்தில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வண்டி ஓட்டிச் சண்டை வராததை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் பக்கத்து இருக்கையில் இருந்து நான் ஒரு வார்த்தை சொன்னால், என் கணவர் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பார்.

வியாழக்கிழமை காலை இரண்டு காரும் பாயின் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருந்தது. அம்பாசிடரின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்ப முடியுமா? பலத்தை வாயால் சொன்னால் நான் நம்பமாட்டேன். எதிரே பழைய பேப்பர் கடையிலிருந்து கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசைக் கடன் வாங்கினேன். ஸ்டியரிங் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து, சக்கரம் திரும்ப ஆரம்பிக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தோம். கடைக்காரர் பதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா பாய், காரையே எடைக்குப் போடறீங்களா?"

"ஆமா நைனா, கிலோ இன்னா வெல எடுப்ப?" என்றார் பாய்.

பியட்டில் முள் நடுவில் நின்றது. அம்பாசிடரில் கடைசிக்கோட்டைத் தொட்டது. வசந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. தணிகா மட்டும், "நின்ன எடத்துல எவன் திருப்புவான்? வண்டிய ஓரடி உருள வுட்டு இழுத்துப் பாருக்கா," என்றான். பாயும் இரண்டு பேரும் காரைத் தள்ள, நான் இழுத்தேன். உருள ஆரம்பித்ததும் முள் மளமளவென்று இறங்கியது. பியட்டின் கணக்குக்கு வரவில்லை, ஆனாலும் ஒரு நல்ல வலது கைக்கு அடங்கும் கணக்கு.

ஆக, என் பரிசோதனைகளின் முடிவு இதுதான். பெட்ரோலில் பியட் ஜெயித்தது. வேகத்தில் பியட். ஸ்டியரிங்கில் பியட். கேட்ட விலையிலும் பியட்தான் குறைச்சல். உதிரிச் சாமான் கிடைப்பதில் மட்டும் அம்பாசிடர். இன்னொன்று, முன்சீட்டின் அகலம். மூன்று பேர் உட்கார்ந்து நடுவில் இருப்பவள் முழங்கையைத் தாராளமாக வீச அதில் இடம் இருந்தது. அன்று மத்தியானம் வசந்தா தன் நிலத்துப் பணத்தைக் கொண்டுபோய் அம்பாசிடருக்குக் கொடுத்தாள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் வரை கொளவாய் ஏரிக்கரைச் சாலையில் பாடம் நடத்தினேன். கால் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இப்படி ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "கிளட்சு முழுசா அமுங்குன பிறகுதான் 'ம்' சொல்லணும். 'ம்' சொல்லாம கை நகரக்கூடாது. பிரேக்கு போடும்போது பேச்சே கூடாது," என்று நானும் அவர்கள் பாஷைக்கு இறங்கிக் கத்தினேன். ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இருட்டுவதற்குள் தணிகா 'ம்' சொல்வதையே விட்டுவிட்டான். அவன் முழங்கால் எழும்புவதைப் பார்த்தே அவள் கை போனது.

வெள்ளிக்கிழமை ஓட்டல் வாசலில் மானேஜர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். உயரமான மனிதர், பேச்சு கத்தரித்த மாதிரி இருக்கும். அவருடைய விருந்தாளிகளான ஒரு வெளிநாட்டுத் தம்பதியையும் பரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்தார். கால்வாய்ப் பாலம் தாண்டிப்போய்த் திரும்பவேண்டும் என்றார். நாங்கள் யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றையும் செய்தார். தானே முன்சீட்டில் கதவோரம் ஏறி உட்கார்ந்தார்.

"இவங்க யாரு?" என்றார் நடுவில் இருந்த வசந்தாவைப் பார்த்து.

"என் சம்சாரம் சார்," என்றான் தணிகா. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் பின்சீட்டில் தம்பதியோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவள் கையை எப்படி மறைப்பது? மறைக்க முடியாது. அவர் பார்க்கத்தான் போகிறார்.

கார் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மானேஜர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கல் சிற்பம் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். தணிகா பிரேக் போட்டான், அவள் கை கீழே இழுத்தது. மானேஜரின் தலை மெதுவாகத் திரும்பியது. அதற்குப் பிறகு அவர் ரோட்டைப் பார்க்கவேயில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தன் கணவனிடம் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். "இந்தப் பெண் நன்றாக ஓட்டுகிறாள்."

"அவள் எங்கே ஓட்டுகிறாள்? அவன்தான் ஓட்டுகிறான்."

"முன்னால் சரியாகப் பார்," என்றாள் அவள்.

பாலத்தின் ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் சவுக்குக்கட்டை ஏற்றிய லாரி நின்றுவிட்டது. ஏற்றத்தில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்புவது ஈப்போவில் என்னிடம் படிப்பவர்கள் பாதிப்பேர் அழுதுவிடும் இடம். லாரி நகர்ந்தது. வசந்தாவின் கை ஏற்கெனவே முதல் கியரில் இருந்தது. கார் ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறியது. நான் வாய்க்குள்ளே எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

ஓட்டல் வாசலுக்குத் திரும்பி வந்தோம். விருந்தாளிகள் இறங்கிக்கொண்டார்கள். மானேஜர் இறங்கவில்லை.

"கை எவ்வளவு நாளா இப்படி?" என்றார்.

தணிகா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "மூணு மாசமா சார்," என்றான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு வருசத்துல வந்துடும்னாரு சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

போச்சு என்று நினைத்தேன். படூர் நிலம், இந்தக் கார், இவர்கள் இரண்டு பேர் எல்லாம் இந்த ஓட்டல் வாசலிலேயே போச்சு என்று நினைத்தேன்.

மானேஜர் கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து உள்ளே பார்த்தார். "கை சரியாகிற வரைக்கும் மெட்ராசுக்குப் போகக் கூடாது. ஸ்டேஷனுக்கும் கழுக்குன்றத்துக்கும்தான். இருட்டினப்புறம் வண்டி எடுக்கக் கூடாது. புரியுதா?" என்றார். பிறகு, "நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடுங்க. ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

வசந்தாதான் சன்னல் பக்கம் எட்டி, "வந்துடறோம் சார்," என்றாள். அவள் வலது கை இன்னும் கியரை விடவில்லை.